1963க்குப் பின் ஒரு கோடு

1

இந்தக் கதை சாறிச் சட்டைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. வாவிக்கரையில் தனியே நின்றபோது தோன்றியது என்று எழுதினால் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் ஊரான புளியந்தீவில் கொன்ஸ்டன்ஸைத் தெரியாதவர்கள் குறைவு. இரண்டே நாளில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கொன்ஸ்டன்ஸ்* போர்த்துக்கேய வழிவந்த பறங்கியப் பெண், அறுபத்தொரு வயது, தையல்காரி. முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளைக் கவுன் தொடக்கம் என்னைப் போன்ற சைவ ஆசிரியைகளின் சாறிச் சட்டை வரை அவளுடைய மெசினுக்குக் கீழேதான் போய் வரும். குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டே கதைப்பாள். அன்றைக்கும் என் தோளை அளந்தபடி, சந்தையில் மீன் மலிவு என்பதைப் போலச் சொன்னாள்:

"மிஸ், சேமக்காலையில என்ட பேர் கல்லறைக் கல்லில வெட்டி ரெடியா இரிக்கி. இப்ப நான் கலியாணம் முடிக்கப் போறன்."

எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா என்னச் சாகடிக்காதீங்க. உங்கட கதையளில கடைசியில ஆரும் ஒராள் செத்துப்போகுது."

அது உண்மை. என்னுடைய ஒன்பது கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. ஏழில் சாவு.

* கதைக்குள் 'அவள்'. நேரில் 'அன்ரி' என்றுதான் கூப்பிடுவேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், ஆள் என்னைவிட்டு நாலு அடி தள்ளி நின்றார். மரியாதைக் குறைவு என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

2

முதல் தொடக்கம்: 'சேமக்காலையின் மேல் மழை தயங்கித் தயங்கி—'

(விட்டுவிட்டேன். கல்லறை என்றதும் மழையைக் கூப்பிடுவது எனக்கொரு கெட்ட பழக்கம்.)

இரண்டாம் தொடக்கம்: 'ஐவன் போன பிறகு கொன்ஸ்டன்ஸின் பதின்மூன்று வருட வாழ்க்கை வெறுமையில்—'

(பொய். தைத்தாள், பூசைக்குப் போனாள், நத்தாருக்குக் கேக் அடித்தாள், அடுத்த வீட்டுக்காரரோடு வேலிக்காக வழக்குப் பேசி வென்றாள். வெறுமைக்கு நேரம் இருக்கவில்லை.)

சரி, உள்ளதை உள்ளபடி. ஐவன் கொன்ஸ்டன்ஸின் கணவர், இரும்புக் கடைசல் பட்டறை வைத்திருந்தவர். 2011இல் ஒருநாள் மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்றார், பின்னேரம் இல்லை. கொன்ஸ்டன்ஸ் இருவருக்குமாக இடம் எடுத்து, ஒரே கறுப்புக் கல்லில் இரண்டு பெயரையும் வெட்டுவித்தாள். ஐவன், 1958 – 2011. கொன்ஸ்டன்ஸ், 1963, அதன்பின் ஒரு சிறு கோடு, கோட்டுக்குப் பிறகு வெறும் கல். கீழே பெரிய எழுத்தில்: சேர்ந்தே எழுவோம்.

நம்மில் பலருக்கு இந்த மாதிரி வரி ஓர் ஆறுதல் பேச்சு. அவளுக்கு அப்படி இல்லை. கொழும்பு ரயிலுக்கு இடம் பதிந்து வைப்பதைப் போல அவள் அதைச் செய்தாள். கடைசி நாளில் எக்காளம் ஊதும், கண் திறக்கும், பக்கத்தில் ஐவன் இருப்பார், இருவரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்புவார்கள். இதில் அவளுக்குச் சந்தேகம் என்பது மருந்துக்கும் இல்லை.

எனக்கு இங்கேதான் கை நின்றது. சாவை எழுத எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் தனக்கு அலுவல் இருக்கிறது என்று நம்பும் ஒருத்தியை எழுதிப் பழக்கமில்லை. துக்கப்படுகிறவர்களைப் பற்றி எழுதுகிறவளுக்குச் சொற்கள் தானாக வந்து விழும். எதிர்பார்த்திருக்கிறவர்களைப் பற்றி எழுதப்போனால் மொழி சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது, இவளுக்கு என்ன விசரா என்று.

3

பிரட்லி தையல் மெசின் திருத்துகிறவர். அறுபத்துநான்கு வயது. அவருடைய மனைவி கெரன் இறந்து ஆறு வருடம். கொன்ஸ்டன்ஸின் மெசின் இந்த வருடம் தை தொடக்கம் ஆடி வரை பதினொரு தரம் பழுதானது. அதற்கு முன் இருபது வருடம் முனகாமல் ஓடிய மெசின்.

[எந்த ஆணியை யார் தளர்த்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. கொன்ஸ்டன்ஸ் வாயில் ஊசியோடு சிரித்தாள். விழுங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.]

பதினோராம் தரம் பிரட்லி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்: "கொன்ஸி, மெசினுக்கு ஒரு வருத்தமும் இல்ல. நமக்குத்தான் என்னமோ."

"ஓம். பாதரிட்டப் போய்க் கதைங்க" என்றாளாம் இவள்.

இவ்வளவுதான் காதல். இன்னும் கொஞ்சம் நீட்டலாமா என்று நினைத்தேன். நீட்டினால் இருவரும் என்னை ஏசுவார்கள்.

4

கதை என்றால் குறுக்கே ஒருவர் நிற்கவேண்டும். அதனால் மெல்பேணில் இருக்கும் மகள் அஷ்லியை நிறுத்தினேன். வீடியோவில் அவள் அழுகிறாள்: "மம்மி, கடைசி நாளில டடா எழும்பிப் பாக்கக்க நீங்க ஆரோட நிப்பீங்க?"

நல்ல வரி என்று கீழே கோடிட்டேன். கொன்ஸ்டன்ஸுக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ பாவம், அந்தப் பிள்ள கவுனுக்குக் கலர் கேட்டு மூணு தரம் கோல் எடுத்திட்டாள் மிஸ். அந்தக் கேள்வி அவள்ற இல்ல." சிரிப்பு நின்றது. "அது என்ட கேள்வி."

[எனவே அஷ்லியின் அழுகையை நீக்கிவிட்டேன். வாசகர்கள் அதை மறந்துவிடவும். கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளவும்.]

அந்தக் கேள்வியோடு கொன்ஸ்டன்ஸ் முதலில் போனது பாதரிடம். மோட்சத்தில் கலியாணம் என்ற ஒன்று இல்லை, எல்லோரும் வானதூதர்களைப் போல இருப்போம் என்றார் அவர்.

"கலியாணம் இல்லாமப் போகட்டும் பாதர். ஆள் இருக்கும்தானே? ஆள அடையாளம் தெரியும்தானே?"

பாதருக்கு அவசரமாக ஒரு கூட்டம் இருந்தது.

அடுத்து அந்தக் கல்லை வெட்டிய கோணாமலையிடம் போனாள், தன் பெயரை மட்டும் அழிக்க முடியுமா என்று. அவர் கல்லறைக்கும் வெட்டுவார், கோயில் படிக்கும் வெட்டுவார்.

"வெட்டின எழுத்த அழிக்க ஏலா அக்கா. கல்லத்தான் தேய்க்கலாம். உங்கட பேர் போற ஆழத்துக்குத் தேய்ச்சா ஐயாட பேரும் போயிரும்."

பிறகு திருமண ஆயத்த வகுப்பு. அறுபது தாண்டிய இருவரையும் இருபத்திமூன்று வயது ஜோடிகளோடு ஒரே வாங்கில் இருத்தி, பாதர் வார்த்தைப்பாட்டைச் சொல்லிக் கொடுத்தார். சாகும்வரை பிரமாணிக்கமாய் இருப்பேன் என்பது அதன் சாரம். கொன்ஸ்டன்ஸ் அதை ஐவனுக்கு ஒருதரம் சொன்னவள்தான். அன்றைக்குத்தான் அது எதுவரை என்று காதில் விழுந்தது. ஆண்டவருக்கு முன்னால் அவளும் ஐவனும் கொடுத்த வாக்கு 2011இல் நிறைவேறி முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது கல் மட்டும்.

"அந்தக் கல்லுக்கு ஐவனிட்டக் கேக்கல்ல மிஸ். ரெண்டு பேர்ட பேர்லயும் நான் ஒராளே வாக்குக் குடுத்திருக்கன். அந்த மனுசனுக்கு விருப்பமோ என்னமோ!"

சொல்லிவிட்டு என் கைத்துளையை மறுகா அளந்தாள். முதல் அளந்தது மறந்துபோயிற்று.

5

நவம்பர் இரண்டாம் திகதி ஆத்துமாக்கள் திருநாள். ஊர்க் கத்தோலிக்கர் எல்லோரும் சேமக்காலைக்குப் போய்ப் புல்லுப் பிடுங்கி, கல்லைக் கழுவி, மெழுகுதிரி கொளுத்துவார்கள். கொன்ஸ்டன்ஸும் பிரட்லியும் முதல்முறையாகச் சேர்ந்து போனார்கள். நான் அங்கே இல்லை. அவள் சொன்னதை எழுதுகிறேன்.

கெரனுக்குப் பூ வைத்துவிட்டு ஐவனிடம் வந்தார்கள். கொன்ஸ்டன்ஸ் கல்லைத் துடைத்தாள், தன் பெயரையும் சேர்த்து.

"அழிக்கப் போறல்ல" என்றாள். "எழும்பின உடனே ஐவனுக்கு நானே சொல்லிக்குவன். முதல் கதையே அதுதான்."

"அது சரி கொன்ஸி" என்றார் பிரட்லி, காற்றுக்குத் திரியை மறைத்துக்கொண்டு. "அங்க நீங்க ஐவனோட. நான் கெரனோட. எனக்கு இஞ்ச இரிக்கிற நாள் காணும். மிஞ்சிப்போனாப் பத்து வருசம். அதுக்கு மேல நான் ஒண்டும் கேக்கல்ல."

பெருந்தன்மையான பேச்சு. என் கையில் இருந்திருந்தால் கதையை இந்த இடத்திலேயே முடித்துப் பத்திரிகைக்கு அனுப்பியிருப்பேன். கொன்ஸ்டன்ஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப, அங்க என்னக் கண்டா ஆரோ எண்டு போயிருவீங்களா?"

"அப்பிடி இல்ல..."

"பத்து வருசத்துக்குத் துணையெண்டா எனக்கு மெசின் காணும் பிரட்லி."

பிரட்லி திரியை மறைத்திருந்த கையை எடுத்தார். திரி அணைந்ததையும் கவனிக்கவில்லை.

"கெரன் படுக்கையில கிடந்த ரெண்டு வருசமும் முழந்தாளில நிண்டன்" என்றார். "ஒரு நாள் விடல்ல. ஒரு உயிரத்தான் கேட்டன். கிடைக்கல்ல. நான் கோவிக்கல்ல, பூசைய விடல்ல. ஆனா அதுக்குப் பிறகு பெரிசா ஒண்டும் கேக்கிறல்ல. பஸ் நேரத்துக்கு வரோணும், முட்டு வலி குறையோணும், அவ்வளவுதான். உங்கள எண்டைக்கும் வேணுமெண்டு கேக்க... எனக்குப் பயம் கொன்ஸி."

கொன்ஸ்டன்ஸுக்குக் கோபம் போய்விட்டது. அவ்வளவு நேரமும் தன்னை வேண்டாம் என்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"ஆண்டவரிட்டத் திரும்பக் கேளுங்க" என்றாள். "என்ன கிடைச்சதெண்டு எனக்குச் சொல்லத் தேவையில்ல. கேட்டனெண்டு மட்டும் வந்து சொல்லுங்க. கலியாணத்துக்கு முதல் சொன்னாக் காணும். கேக்காட்டி, நான் வரமாட்டன்."

6

அதன் பிறகு மூன்று ஞாயிறு பூசையில் இருவரின் பெயரையும் வாசித்து, தடை இருந்தால் சொல்லச் சொன்னார்கள். ஒருவரும் எழும்பவில்லை. பிரட்லி பின் வாங்கில் இருந்தார், கொன்ஸ்டன்ஸைப் பார்த்துத் தலையசைத்தார், 'கேட்டன்' என்று சொல்லாமலே சைக்கிளில் போனார். கலியாணம் சனிக்கிழமை. இன்று வியாழன். நான் முடிவுகளோடு மல்லுக்கட்டுகிறேன்.

(அ) சனி காலை பிரட்லி மூச்சுவாங்க ஓடிவந்து 'கேட்டன்' என்கிறார். கோயில் மணி—

(மணி வேண்டாம். ஓடவும் வேண்டாம், முட்டு வலி உள்ள மனிதர்.)

(ஆ) வெள்ளி காலை பிரட்லிக்கு நெஞ்சு—

(கை தானாக அங்கே போகிறது. மன்னியுங்கள் அன்ரி.)

(இ) பிரட்லி வரவில்லை. கொன்ஸ்டன்ஸ் கோயிலுக்குப் போகாமல், கவுனை மடித்து வைத்துவிட்டு மெசினில் இருக்கிறாள். முற்றும்.

இதைத்தான் அவளிடம் வாசித்தேன். கலங்கிப்போவாள் என்று நினைத்தேன்.

"நல்லா இரிக்கி" என்றாள். "ஆனா அந்த முற்றும் எண்டதை வெட்டுங்க. இஞ்ச கேக்காட்டி மனுசன் அங்க கேப்பார். நான் அவ்வளவு நாளைக்கும் இரிப்பன்தானே."

முற்றும் என்ற சொல்லையே ஒத்துக்கொள்ளாத ஒருத்தியை வைத்துக்கொண்டு கதை முடிப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.

7

இன்று பின்னேரம் சட்டையை எடுக்கப் போனேன். கொன்ஸ்டன்ஸ் பூ விசாரிக்கக் கடைக்குப் போயிருந்தாள். விறாந்தையில் பிரட்லி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். திருத்த ஒன்றும் இல்லை, கருவிப்பெட்டியும் இல்லை. சவரம் செய்து இரண்டு மூன்று நாளாகியிருக்கும். முழங்காலடியில் காற்சட்டை மண்ணாகவும் ஈரமாகவும் இருந்தது. எங்கே நின்றுவிட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. சேமக்காலையாகவும் இருக்கலாம், சைக்கிளுக்குக் காற்றடித்ததாகவும் இருக்கலாம்.

"மிஸ், நீங்க எங்களப் பத்தி எழுதிறதாம்."

"ஓம்."

"அதில நான் கேட்டிட்டனா?"

இருபது வருடமாக எழுதுகிறேன். ஒரு பாத்திரம் இப்படி என் முகத்தைப் பார்த்ததில்லை. கேட்டுவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் அதை நம்பியே எழும்பிப் போயிருப்பார்.

"இன்னும் எழுதல்ல அங்கிள்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அத நீங்க எழுதாதீங்க. அது நான் செய்யவேண்டிய வேல."

எழுதவில்லை. நீங்கள் இதை வாசிக்கும்போது அந்தச் சனிக்கிழமை கடந்துபோயிருக்கும். என்ன நடந்தது என்று என்னிடம் விசாரிக்காதீர்கள், நான் வியாழக்கிழமையில் இருக்கிறேன். எந்தக் கோயிலிலும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். பாலத்தால் வீட்டுக்கு நடந்துவந்த அவ்வளவு தூரமும், யாரிடம் என்று தெரியாமலே, பிரட்லிக்காகக் கேட்டுக்கொண்டு வந்தேன். நீங்களும் ஒருதரம் கேளுங்கள்.