மாலை போட்ட கோபுரம்

தொண்ணூற்றிரண்டில், மூக்கண்டப்பள்ளிப் பக்கத்து மருந்துக் கம்பெனி ஒன்று ஆயுத பூசைக்குக் கூப்பிட்டது. போனேன். பொரிகடலைக்காக அல்ல, என் கோபுரத்தைப் பார்க்க.

கோபுரம் என்றால் கோயில் கோபுரமில்லை. மருந்து கழுவிய அழுக்குக் கரைப்பானை, அதாவது சால்வெண்டைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, சுத்தமாகத் திரும்பப் பிடிக்கிற எஃகுத் தூண். மண்ணில் ஒரு சொட்டு விழக்கூடாது என்று நான் வரைந்தது. போன வருஷம் இந்தக் கம்பெனி அதைக் கட்டி நிறுத்தியிருந்தது. என் டாக்டர் பட்டமே அதில்தான். கல்லூரியில் வருஷக்கணக்காகத் தற்காலிக விரிவுரையாளராக இழுத்துக்கொண்டு கிடந்தேன். அடுத்த வாரம் நிரந்தர வேலைக்கு நேர்காணல். அதற்கும் இந்தக் கோபுரம்தான் கதி. 'ஏட்டுச் சுரைக்காய்' என்று என் அக்கா வீட்டுக்காரர் கௌஸ் பாஷா மச்சான் குத்திக்கொண்டே இருப்பார். அந்த வாயை ஒரு நாளாவது அடைக்க வேண்டாமா?

"வாங்க மேடம்." ஆபரேட்டர் செல்வம் ஓடிவந்தான். "உங்க மிசினுக்குத்தான் பெரிய மாலை. மொதலாளியே போட்டாரு."

போட்டிருந்தார். சாமந்தி, சந்தனம், குங்குமம். மற்ற தொட்டிகளெல்லாம் பெயிண்ட் உரிந்து சொறிபிடித்து நின்றன. என்னுடையது மட்டும் புது மாப்பிள்ளை. பம்பின் காலில்கூட ஒரு கீறலில்லை. ஒரு வருஷம் சால்வெண்ட் ஓடின பம்பில் பெயிண்ட் நிற்குமா? இதைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவளே நான்தான்.

"இத ஓட்டறீங்களா செல்வம்?"

"ஓட்டறோமே! ஆபீசருங்க வந்தா தண்ணி ஊத்தி ஓட்டறோம். ஜன்னல் கண்ணாடில சலசலன்னு எறங்கறது தெரியும், அத்தன அழகு."

"சால்வெண்டு?"

"அது பின்னாடி குழிக்குப் போயிடுது மேடம். கொதிக்க வெக்கற செலவுக்குப் புதுசே வாங்கிக்கலாம்னு மொதலாளி சொல்றாரு. உங்ககிட்ட சொல்லலியா?"

அடப்பாவிகளா என்று கத்தியிருக்க வேண்டும். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நேர்காணலில் துறைத் தலைவர் சௌந்தரராஜன் கேட்டார். "யூனிட் ஓடுதாம்மா?"

வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். "ஓடல சார். தண்ணி ஊத்திக் காட்டறாங்க. சால்வெண்ட் குழிக்குப் போகுது. பக்கத்துலயே தொழிலாளிங்க குடியிருக்காங்க. போர் தண்ணியத்தான் குடிக்கறாங்க."

எதிரே உட்கார்ந்திருந்த மூன்று முகங்களையும் பார்த்தேன். எனக்குத்தான் கோபம் வரவில்லை, இவர்களில் ஒருத்தருக்காவது வரட்டும் என்றிருந்தது. யா அல்லாஹ், ஒரே ஒருத்தருக்கு!

சௌந்தரராஜன் சிரித்தார். "தெரியுமேம்மா. போன மாசம் நாங்களே போய்ப் பாத்தோம். தண்ணில பிரமாதமா ஓடுது. டிசைன்ல ஒரு குறையும் இல்ல. ஓட்டாதது அவங்க பாடு."

"மறைக்காம சொன்னாங்க பாருங்க, அதுதான் சார் வேணும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

வேலை கிடைத்தது. மச்சான் என் வாயில் சர்க்கரை போட்டார். அவர் வாய் அடைத்துப்போயிருந்தது. எனக்கு இனிப்புத் தெரியவில்லை.

சேர்ந்த அன்றே சௌந்தரராஜன் கூப்பிட்டனுப்பினார். "இன்னொரு கம்பெனி இதே மாதிரி கோபுரம் ஒண்ணு கேக்கறாங்க குல்ஷன். லைசென்ஸுக்கு வேணுமாம்."

"ரோட்டுலேருந்து தெரியற உயரமா சார்?"

குத்தலாகத்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிஜமாக யோசித்தார்.

"ஆமாம்மா. தெரிஞ்சா நல்லதுதான்."

அன்றைக்கு மத்தியானமே வரைய உட்கார்ந்தேன்.