மூச்சைப் பிடித்த தையல்காரர்

என் வீட்டுக்காரருக்குத் தொப்பை கிடையாது. இதை நம்புகிறவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான், அவரே. தையல் கடையில் ஊருக்கெல்லாம் இடுப்பளவு எடுக்கிற மனுஷன், யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். வெட்டுவது அவர், காஜா எடுப்பது நான். அதனால் இந்தக் கூத்தைத் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைப்பார்கள்; அதன் வழியே மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, கழிவோடு வெளியே எடுக்க வேண்டும். கடையைப் பூட்ட வேண்டியதில்லை. ஆனால் குழாய் வெளியே வரும் இடத்தில் கிருமி புகுந்துவிட்டால் குழாயையே எடுக்க நேரலாம். அப்புறம் வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கட்டில்தான், கடை அம்பேல்.

ஆபரேஷனுக்கு முன்னால், குழாய் வெளியே வரவேண்டிய இடத்தைக் குறிக்க நர்ஸம்மா வந்தார். மேஜையில் இரண்டு குழாய்களை வைத்தார். ஒன்று தொப்புளுக்குக் கீழே வெளியே வருவது. இன்னொன்று நீளம், தோலுக்கடியில் மேலே ஏறி விலாவுக்குக் கீழே எட்டிப்பார்ப்பது.

"தொப்பை இருக்கிறவங்களுக்கு இந்த நீளமானது" என்றார். "மடிப்புக்குள்ள வந்தா வேர்வை தங்கும், பெல்ட் உரசும், குனிஞ்சு பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கிருமிக்குக் கொண்டாட்டம்."

"நமக்குச் சின்னதே போதும்" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

நர்ஸம்மா நிற்கச் சொன்னார்; இவர் மூச்சைப் பிடித்தார். உட்காரச் சொன்னார், அப்போதும் பிடித்தார். கண் பிதுங்கியது. தட்டையான வயிற்றைப் பார்த்து நர்ஸம்மாவும் ஏமாந்து, கீழே ஒரு புள்ளி வைத்தார். எனக்குப் பயமும் வந்தது, கோபமும் வந்தது. அந்தப் புள்ளி எந்த மடிப்பில் போய் ஒளியும் என்று எனக்குத் தெரியும்.

தையல்காரி கைப்பையில் இஞ்சு டேப் இல்லாமல் இருக்குமா. எடுத்து அவர் இடுப்பில் சுற்றினேன். கடையில் அவர் பேசுகிற அதே குரலில் சொன்னேன்: "சார், மூச்சை விடுங்க சார். இழுத்துப் பிடிச்சா பேண்ட் உங்களுக்குத்தான் பத்தாது. அப்புறம் தையல்காரனைத் திட்டக் கூடாது."

முதலில் முறைத்தார். பிறகு உதடு துடித்தது. சிரிப்பு பீறிட்டு வந்தது. கூடவே தொப்பையும் விடுதலையாகி மடியில் வந்து உட்கார்ந்தது.

"நான் வச்ச புள்ளி எங்க சார் போச்சு?" என்று நர்ஸம்மா தேடினார்.

இவர் என் பக்கம் திரும்பி, "அவங்களுக்காக மூச்சைப் பிடிக்கல" என்றார் மெதுவாக. "சீக்காளியும் ஆயிட்டான், தொப்பையும் போட்டுட்டான்னு நீ நினைச்சிருவியோன்னுதான்."

"தூங்கும்போது அதைப் பிடிச்சு வைக்க முடியாதுங்க" என்றேன். "எனக்கு எல்லாம் தெரியும்."

நீளக் குழாயே வைத்தார்கள். சட்டையைத் தூக்கினால் அவருக்கே தெரிகிற இடம். தானே பார்த்துச் சுத்தம் செய்கிறார். சில மாதம் கழித்து நர்ஸம்மா குழாய் வெளியே வரும் இடத்தை அழுத்திப் பார்த்தார். "சிவப்பு இல்ல, சீழ் இல்ல, வெளிய வர்ற தண்ணியும் தெளிவா இருக்கு. போய்த் தொழிலைப் பாருங்க சார்." எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

கடைக்குத் திரும்பியதும் தனக்கு ஒரு பேண்ட் என்று துணியை விரித்தார். அளவை என்னையே எடுக்கச் சொன்னார். எத்தனை இஞ்சு என்று வெளியே சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வயிறு என் கைகளுக்குள் நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அளவு எடுத்து முடித்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை.