உத்தனப்பள்ளியில் பெயரில்லாத கல்

ரங்கம்மா முதல் தடவை வந்தபோது ஒரு பை தக்காளி கொண்டுவந்தாள். எனக்கு அப்போதே சந்தேகம். சும்மா யாரும் தக்காளி கொடுப்பதில்லை. ஓசூரில் இத்தனை வருடம் டீச்சராகக் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

அவளுடைய அப்பா சென்னப்பன் எழுபத்தொன்றாம் வருடப் போரில் செத்த சிப்பாய். அவருக்கு மேலே கேப்டனாக இருந்தவர் என் அப்பா, பிற்பாடு மேஜர் ஜெனரல் ஆன சகாயநாதன். அப்பாவும் இப்போது இல்லை. உத்தனப்பள்ளியில் சென்னப்பனுக்கு நடுகல் வைக்கப்போகிறார்களாம். துப்பாக்கியோடு உருவம் செதுக்கியாயிற்று, பெயர் மட்டும் பாக்கி. புறமுதுகு காட்டியவனுக்குக் கல் வைக்கும் வழக்கம் அங்கே கிடையாது. ஓடும்போதுதான் சுடப்பட்டான் என்று சில வருடமாக ஊரில் ஒரு பேச்சு. மேலதிகாரி எழுதி வைத்ததைப் பார்த்த பிறகுதான் பெயர் என்று ஊர்ப் பெரியவர் பெரியதம்பி கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஐயா காயிதத்துல எங்கப்பனைப் பத்தி என்னா இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்கம்மா," என்றாள். "கூட இருந்த ஆளு ஒருத்தரு எங்கம்மாகிட்ட சொன்னாராம். எல்லாரும் போன பின்னாலயும் எங்கப்பன் ஒருத்தருதான் நின்னு சுட்டாருன்னு."

எல்லாரும் என்றால் யார் யார்? என் அப்பாவுமா? அந்தச் சண்டைக்காகத்தான் அப்பாவுக்குப் பதக்கம். ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. இவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ தூண்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அவள் போனதும் அப்பாவின் நோட்டுகள் இருந்த பீரோவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அப்பாவின் காகிதங்களை ஒரு ராணுவ ஆவணக் காப்பகம் கேட்டிருந்தது. எப்படியும் நான் அவற்றை அடுக்கிக்கொண்டுதான் இருந்தேன். மறுவாரம் அவள் வந்தபோது, 'போர்க்களக் குறிப்புகள்' என்று மேலே எழுதியிருந்த நோட்டைப் பிரித்து, அதில் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

"சிப்பாய் சென்னப்பன், உத்தனப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம். கட்டளை இல்லாமல் பின்வாங்கும்போது சுடப்பட்டு இறந்தான்."

கொஞ்சம் திருப்தியோடுதான் வாசித்தேன். ரங்கம்மா கொண்டுவந்த தக்காளியை மேஜைமேல் வைத்துவிட்டு, காலிப் பையை மடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

பெரியதம்பிக்கும் ஒரு நகல் அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மாவட்டத்தின் பெயரை எழுதும்போது கை நின்றது. எழுபத்தொன்றில் ஏது கிருஷ்ணகிரி மாவட்டம்? இரண்டாயிரத்து நான்கில்தானே தர்மபுரியிலிருந்து பிரித்தார்கள்? அந்த வருடம் பள்ளிக்கூடத்து முத்திரையையும் பெயர்ப்பலகையையும் மாற்றுகிற வேலையை என் தலையில்தான் கட்டினார்கள். பெயின்டரோடு நான் போட்ட சண்டை இன்னும் மறக்கவில்லை.

எழுத்து அப்பாவுடையதுதான். அப்படியானால் ரிட்டையராகி, இதே வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். போர் முடிந்து அத்தனை காலம் கழித்து, செத்துப்போன ஒருவன்மேல் இப்படி எழுதிவைக்க என்ன அவசியம் வந்தது? ஊர்ப் பேச்சும் அப்பாவிடமிருந்தே கிளம்பியிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அப்பா என்றால் எனக்கு உயிர். ஆனாலும் எழுதிய நகலைக் கிழித்துப் போட்டேன்.

ரங்கம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பேரைப் பொறிக்கச் சொல்லுங்க. நான் வாசிச்சது போர்க்களத்துல எழுதினது இல்லை. எங்கப்பா ரொம்ப வருஷம் கழிச்சு எழுதினது. நானே வந்து பெரியதம்பிகிட்ட சொல்றேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ரொம்ப சந்தோசங்கம்மா. வயசான காலத்துல ஐயா ஞாபகம் தப்பி எழுதியிருப்பாரு. ஒண்ணு கேக்கட்டுங்களா? எங்கப்பன் பேருக்குக் கீழ, கூட நின்னவருன்னு ஐயா பேரையும் போட்டுடலாங்களா?"

ஹாலில் இருந்த பதக்கத்தைப் பார்த்தேன்.

"வேண்டாம் ரங்கம்மா," என்றேன். "அவர் நின்னாரான்னு எனக்குத் தெரியலை."