நூறு வீதம்

தங்கேஸ்வரியை நீங்கள் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலிலிருந்தே சொல்கிறேன்.

லிபெர்த்தாத் தெருவில் ஒரு வயதான இத்தாலியச் சின்யோராவைப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. இரவும் பகலும் அந்த வீட்டில்தான். ஞாயிறு மட்டும் விடுப்பு. கிருபனும் அவளும் கோயிலில் தாலி கட்டியவர்கள், பதிவு செய்யவில்லை. பிரிந்ததையும் எங்கும் பதியவில்லை. பதினொரு வயது மகள் சாரங்கா சின்யோரா வீட்டில் தாயோடு இருக்கிறாள் என்று ஊரே நம்பியிருந்தது. உண்மையில் சின்யோராவின் மகள் பிள்ளையை அங்கே வைத்திருக்க விடவில்லை. இரண்டு வருடமாகச் சாரங்கா தகப்பனின் அறையில்தான் படுத்தெழும்பினாள். அதைத் தங்கேஸ்வரி ஒருவருக்கும் சொன்னதில்லை. பிள்ளையை விட்டவள் என்ற பேர் வந்துவிடுமே.

மே மாதம் வந்தால் கோபாலசிங்கத்தார் எங்கள் ஆட்களுக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். பதிவில்லாத தாய் தகப்பனுக்குப் பிள்ளைக்கான வரிச்சலுகை ஆளுக்குப் பாதி, இருவரும் ஒத்துக்கொண்டால் சம்பளம் கூடியவர் பேரில் முழுதும் போடலாம் என்பது அவர் சொல்லும் விளக்கம். தங்கேஸ்வரி முழுதையும் தன் பேரில் போடுவிப்பாள். கிருபனும் ஒத்துக்கொள்வான். அந்த நூறு வீதத்தைத் தாளில் கண்டால்தான் அவளுக்கு நெஞ்சு நிமிரும்.

இந்த வருடம் அவள் கோபாலசிங்கத்தார் முன்னால் கதிரையில் இருக்கும்போதே கிருபனும் வந்தான். மொண்டெல்லோக் கடற்கரையில் மரக்குடில்களுக்குச் சாயம் அடிக்கிறவன். விரலெல்லாம் வெள்ளை, கையில் ஒரு பை. தன் படிவத்தோடு வந்திருந்த அனிற்றா என்பவள் அடுத்த முறைக்காகச் சுவரோரம் காத்திருந்தாள்.

“பிள்ளையின்ரை றிசீட் கொஞ்சம் இருக்கண்ணை. வரியிலை கழிக்கேலுமோ பாருங்கோ,” என்றான் கிருபன்.

கோபாலசிங்கத்தார் விரித்துப் பார்த்தார். பல் வைத்தியர். பள்ளிக்கூடச் சாப்பாடு. எல்லாம் கிருபன் பேரில்.

“தங்கேஸ், பிள்ளை உன்னோடை எண்டாய். எல்லாம் இவனெல்லோ கட்டியிருக்கிறான்?”

“அவருக்குக் கடை தெருவுக்குப் போக நேரம் கிடைக்குது. எனக்கு எங்கை?”

“பள்ளிக்கூடச் சாப்பாட்டை எந்தக் கடையிலை விக்கினம்?” என்றாள் அனிற்றா.

கோபாலசிங்கத்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தார்.

“இது கண்ணாடிக் கடை. போன செப்ரெம்பர். சாரங்காவுக்கு என்ன, தூரத்திலை உள்ளது தெரியாதோ? என்ரை மகளுக்கும் அப்பிடித்தான், அதுதான் கேக்கிறன்.”

அவர் கேட்டது தாயை.

“எந்தக் கண்ணாடி?” என்றாள் தங்கேஸ்வரி.

கேட்ட பிறகுதான், என்ன கேட்டுவிட்டோம் என்பது அவளுக்கு விளங்கியது. அனிற்றா அவசரமாகத் தன் போனைப் பார்த்தாள்.

கிருபன் குனிந்துகொண்டு சொன்னான். “உன்னட்டை வரேக்கை கழட்டிப் பையுக்கை வைச்சிட்டுத்தான் வாறவள். ‘கண்ணாடிப் பெட்டையை ஆர் கட்டப்போகினம்’ எண்டு பிரசாந்தினியின்ரை மகளைப் பற்றி நீ சொல்லிச் சிரிச்சனியாம்.”

சிரித்தது உண்மை. அது மட்டுமில்லை. ஒரு ஞாயிறு, ஐஸ்கிறீம் கடையில் விலைப்பலகைக்குக் கிட்டப் போய் அண்ணாந்து நின்ற பிள்ளையை, “சனம் பாக்குது, தள்ளி நில்” என்று இழுத்ததும் அவள்தான். பிள்ளை தள்ளி நின்றது. எது வேண்டுமென்று கேட்டதற்கு, “நீங்கள் வாங்கிறது காணும்” என்றது. கண்ணாடி வாங்கி எட்டு மாதம்.

தங்கேஸ்வரி றிசீட்டுகளை ஒன்றாக அடுக்கினாள்.

“அண்ணை, பிள்ளை என்னோடை இல்லை. ரெண்டு வருசமா தகப்பனோடை. முழுக்க அவற்றை பேரிலை போடுங்கோ.”

கோபாலசிங்கத்தார் பேனையைத் தூக்கியபடி கிருபனைப் பார்த்தார்.

“பாதி போடுங்கோ. தாய் இருக்கிறா தானே,” என்றான் அவன்.

அவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். ஐம்பது என்று எழுதிய கட்டத்தின் கீழே கையெழுத்து வைத்தாள்.

வெளியே படியில் நின்று, “கண்ணாடியைக் கழட்டாமல் வரச் சொல்லுங்கோ,” என்றாள்.

“நான் சொன்னால் நம்பாள். நீயே சொல்லு.”

வீடியோவில் அழைத்தாள். இரண்டாம் மணியிலேயே சாரங்கா எடுத்தாள். நீலச் சட்டம் போட்ட கண்ணாடி, சின்ன மூக்கின்மேல் கொஞ்சம் சரிந்து நின்றது. தங்கேஸ்வரி வாயைத் திறப்பதற்குள், அழைப்பது அம்மா என்று கண்ட பிள்ளையின் கை அதைக் கழற்றிவிட்டது.