ஆவாரம்பூச் சாறும் ஜோஹராவின் கால்விரலும்

மாகறல் ரோட்டோரம் பறித்து நிழலில் உலர்த்திய ஆவாரம்பூவின் சாற்றை விட்டதும், சோதனைக் குழாயிலிருந்த ஊதாக் கரைசல் வெளுத்து மஞ்சளானது. ஆன்டி ஆக்ஸிடன்ட் சக்தி இருந்தால் அந்த நிறம் அப்படித்தான் மாறும். ஆராய்ச்சி மாணவி நஸ்னீனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அம்மா ஜோஹராவைக் கட்டிக்கொண்டாள். "அம்மி, நம்ம ஆவாரம்பூ பாஸாயிடுச்சு!"

அந்த ஒரு வார்த்தை செய்த வேலை ரம்ஜான் கழிந்த பிறகுதான் தெரியவந்தது. செருப்புக் கடித்த புண் ஆறாமல், ஜோஹராவின் கால் சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. சர்க்கரை மாத்திரைகள் அட்டை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தன. அடுப்பில் ஆவாரம்பூக் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது.

"மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?"

"நீதானேம்மா பூ பாஸுன்னு சொன்னே? பெத்த பொண்ணு கண்டுபுடிச்சத விட்டுட்டு, கடை மாத்திரைய முழுங்கிக்கினு இருக்கணுமா? தெருவுல நாலு பேருக்கும் சொல்லிட்டேன்."

நஸ்னீன் அடுப்பை அணைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினாள், கத்தினாள், அழுதும் பார்த்தாள். ஜோஹரா அசையவில்லை. ஆனால் மகளும் அவள் வயிற்றில் பிறந்தவள்தானே? ஆட்டோவைக் கூப்பிட்டாள். மீதமிருந்த டீ டிக்காஷனை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி வேணாம்னா வேணாம். என் லேபையாவது வந்து பாருங்க."

கல்லூரி லேபில் ஆவாரம்பூச் சாற்றை விட்டாள். ஊதா மஞ்சளானது. ஜோஹராவின் முகம் மலர்ந்தது. அடுத்த குழாயில் ஃபிளாஸ்கிலிருந்து எடுத்து விட்டாள். அதுவும் மஞ்சளானது.

"இது என்னாம்மா?"

"காலையில நீங்க போட்ட டீ டிக்காஷன்."

"டீயுமா பாஸு?"

"ஆமா அம்மி. தெனமும் குடிக்கிறீங்களே, சுகர் வராம இருந்துதா? நான் பாத்ததெல்லாம் இந்தக் குழாய்க்குள்ள நடக்குறதத்தான். ஒங்க ஒடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு நான் பாக்கவே இல்ல."

ஜோஹரா இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஆட்டோவ அனுப்பிடலியே?"

சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, தான் சொல்லிவைத்த வீட்டுக்கெல்லாம் ஜோஹராவே போன் போட்டாள். "கஷாயம் குடிச்சுக்கோ. மாத்திரைய மட்டும் விட்டே, ஒன் வூட்டு வாசல்ல வந்து நிப்பேன்."

நஸ்னீனுக்கு இன்னொரு வேலை பாக்கியிருந்தது. வெளியிடத் தயாராக இருந்த ஆவாரம்பூ ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பத்தியில், 'சர்க்கரை நோய்க்குக் கைகொடுக்கும்' என்று வழிகாட்டிப் பேராசிரியர் கலைவாணன் ஒரு வரி சேர்த்திருந்தார். அதை எடுத்துவிட வேண்டும் என்றாள்.

"எல்லாரும் எழுதுறதுதானேமா? அது இருந்தாத்தான் எடுபடும்."

"அதுக்கு நம்மகிட்ட ஆதாரம் இல்ல சார். அந்த வரி இருந்தா என் பேரு வேணாம்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் அவரே அந்த வரியை அழித்தார்.