ஹெஸ்டர் வாங்கிய சைலன்சர்

கணவன் ரோலண்ட் ஏதோ சொன்னான். ஹெஸ்டருக்குக் கேட்கவில்லை. கேட்காததால் சிரித்து வைத்தாள். எம்ஜிபி என்ற பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் காரின் துணிக்கூரையை மடித்துப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மலையிறக்கத்தில் அவள் கியரைக் குறைத்ததும் சைலன்சர் உறுமிய உறுமலில் அவள் குரலே அவளுக்குக் கேட்டிருக்காது. தொண்டைக் கட்டியை அறுத்தெடுத்த பிறகு காற்றும் கரகரப்புமாக வெளிவரும் அவன் குரல் எங்கே கேட்கப்போகிறது? ரோலண்ட் வாயைத் திறந்தால் பெரும்பாலும் வேடிக்கைப் பேச்சுதான். சிரித்தால் தப்பாகாது என்று நினைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையோர வேலியையே பார்த்தபடி வந்தான்.

கட்டியின் மிச்சம் எதுவும் இல்லை என்று அன்று டாக்டர் சொல்லிவிட்டார். கொண்டாட வேண்டிய சேதி. ஆனால் அதற்குப் பிறகு ரோலண்ட் அந்த வண்டியில் ஏறவே இல்லை. இடுப்பு வலி என்றான், காற்று ஆகவில்லை என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெஸ்டர் தனியாகவே பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்துக்குப் போய்வந்தாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய கைப்பை உட்கார்ந்து வந்தது.

நைட்டன் ஊர் ஆட்டுச் சந்தையில் ஏலம் விட்டவன் ரோலண்ட். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசிப் பட்டிக்காரனுக்கும் விலை கேட்கும். நடுநடுவே விவசாயிகளைக் கிண்டலடித்தே விலையை ஏற்றிவிடுவான். அவள் அந்தப் பள்ளத்தாக்கின் மருத்துவச்சி. பிரசவம் பார்க்கப் பந்தய வண்டியில் வருகிறாள் என்று ஆரம்பத்தில் சிரித்த ஊர், பிறகு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டது. மலை முக்கில் வண்டி உறுமினாலே, வலியில் கிடப்பவளிடம் "இதோ ஹெஸ்டர் வந்தாச்சு" என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும், கடைவாசலில் யாராவது ஒருத்தி இடுப்பில் பேரப்பிள்ளையோடு கையசைக்காமல் இருக்கமாட்டாள். இத்தனை சத்தமான இரண்டு பேர் ஒரே வீட்டில் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறார்களோ என்று ஊரே கேலி பேசும்.

ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது அவள் நேராகவே கேட்டாள்.

"இடுப்பு வலியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். என்ன விஷயம்னு சொல்லு, ரோலண்ட்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். சமையலறையில் அந்தக் கரகரப்பு நன்றாகவே கேட்டது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, எனக்கு ரொம்ப பயமா இருக்குன்னு சொன்னேன். நீ சிரிச்ச."

எத்தனை பெண்களின் பயத்தைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்! வீட்டு மனிதன் வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்ன பயத்துக்குப் பல்லைக் காட்டியிருக்கிறாள். கேட்கவில்லை என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் கேட்காதபோது 'என்ன சொன்ன?' என்று ஏன் கேட்கவில்லை? அவன் குரல் போய்விட்டதை நினைவுபடுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம். அந்த நல்லெண்ணம்தான் அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருந்தது.

"கேக்கல, ரோலண்ட். கேட்ட மாதிரி நடிச்சேன்" என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தான்.

மறுநாளே பட்டறைக்காரர் மெர்வினைத் தேடிப் போனாள். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இந்த வண்டி கம்பெனியிலேருந்து வரும்போது ரெண்டு சைலன்சர் பெட்டி இருந்திருக்கும். நடுவுல ஒண்ணு, பின்னால ஒண்ணு. யாரோ நடுப் பெட்டியைத் தூக்கிட்டு ஒத்தப் பெட்டி மாட்டியிருக்காங்க."

"யாரோ இல்ல, நான்தான். சின்ன வயசுத் திமிரு."

"சத்தம் குறையணும்னா பழையபடி ரெண்டு பெட்டி போடலாம். இல்ல, இன்னும் பெருசா ஒரு பெட்டி இருக்கு, பூனை மாதிரி போகும். ஆனா எஞ்சினுக்கு மூச்சு முட்டும். எவ்வளவு குறையணும் உங்களுக்கு?"

"பக்கத்து சீட்டுல ஒருத்தர் குசுகுசுன்னா எனக்குக் கேக்கணும்."

ரோலண்ட் விட்ட ஏலத்தில் ஆடு வாங்கிய குடும்பம் மெர்வினுடையது; அவன் குரல் போனது அவருக்குத் தெரியும். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தார் கூடும் மதுக்கடை வாசலில், மூன்று விதப் பெட்டிகளும் மாட்டிய எம்ஜிபிகளை அவரே தேடிப்பிடித்து நிறுத்தியிருந்தார். சோதனை இதுதான்: ஹெஸ்டர் ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும். மெர்வின் பக்கத்தில் உட்கார்ந்து, கடையின் சாப்பாட்டு அட்டையை ரகசியக் குரலில் வாசிக்க வேண்டும். எருது மாதிரி ஆள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குசுகுசுப்பதைப் பார்த்துச் சங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"என்னம்மா ஹெஸ்டர், காதல் வசனமா?" என்று கத்தினான் கிளாட்வின். பளபளக்கும் ஒற்றைப் பெட்டி மாட்டிய வண்டி அவனுடையது.

"ஈரல் வறுவலாம். உனக்கும் வேணுமா?"

கிளாட்வினின் வண்டியில் மெர்வினின் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பெரிய பெட்டி மாட்டிய வண்டியில் ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டது. ஆனால் மேட்டில் வண்டி ஆஸ்துமாக்காரன் போல இழுத்தது, பின்னால் வந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான். இரண்டு பெட்டி வண்டி மேட்டில் ஏறும்போது மெல்லிய முனகல் ஒன்று தரையோடு தரையாகக் கூடவே வந்தது. அதற்கு மேலே, "பட்டாணி... சுட்ட ஆட்டுக்கறி..." என்று கேட்டது. அடுத்தது கேட்கவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றாள் ஹெஸ்டர்.

"புதினாச் சாறு."

"இதையே மாட்டிடுங்க."

கிளாட்வினுக்குத் தாங்கவில்லை. "பள்ளத்தாக்கோட அடையாளமே அந்தச் சத்தந்தான். அதைப் போய் ஊமையாக்குறியே!"

பட்டறையில் பழைய பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தபோது, துருப்பிடித்த அந்தத் தகரத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள். இனி அவள் வருவது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. வீடு திரும்பும் வழியில் கடையைத் தாண்டியபோது வாசலில் நின்றிருந்த எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோலண்டும் திரும்பவில்லை. பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தவன், அவள் கதவைச் சாத்திய பிறகுதான் திடுக்கிட்டான்.

"எப்ப வந்த?" என்றவனின் பார்வை வண்டியின் பின்பக்கம் போனது. முகம் சிவந்துவிட்டது. "யாரு கேட்டா உன்னை? எனக்குத் தொண்டை போச்சுன்னா வண்டிக்கும் போகணுமா? எனக்காகவா பண்ணின?"

"எனக்காகப் பண்ணினேன். கேக்காமலே சிரிச்சிக்கிட்டுக் கிழவியாக எனக்கு இஷ்டமில்ல."

அவன் விறுவிறுவென்று உள்ளே போனான். சரிதான், சாப்பாட்டு நேரம் வரை முறுக்கிக்கொண்டிருப்பான் என்று அவள் குச்சிகளைப் பொறுக்கத் தொடங்கினாள். தொப்பியும் மேல்கோட்டுமாக வெளியே வந்தவன் நேராக வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

மலைமேல் ஒரு தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. மலைச்சாலையில் ஏறினார்கள். ஏறிய மாத்திரத்தில் ஆரம்பித்துவிட்டான். ரொம்ப ஓரமாகப் போகிறாளாம். அந்த வளைவில் முன்பே பிரேக் போட்டிருக்க வேண்டுமாம். ஹெஸ்டர் மகிழ்ச்சியோடு சண்டை போட்டாள். மேலே போகப்போக அவன் பேச்சு மெதுவானது.

"சந்தைப் பக்கம் போகாம இருக்கேனே, அலுப்பால இல்ல. எவனாவது 'என்ன சொன்ன?'ன்னு கேட்டுடுவான்னுதான்."

"கேட்டா இன்னொரு தடவை சொல்லு. நானும் கேப்பேன். நூறு தடவை கேப்பேன்."

"நூறு தடவை சொல்ல மூச்சு இல்லடி."

"அப்ப பாதியோட நிறுத்து. மிச்சம் திட்டுதான்னு நான் நினைச்சுக்கிறேன்."

அவன் தோள் குலுங்கியது. அது சிரிப்பு. அதற்கும் இப்போது ஒரு சத்தம் இருந்தது, காய்ந்த இலை உரசுவதுபோல.

வேலியில்லாத மேட்டு நிலத்துக்கு வந்ததும் ஹெஸ்டர் பிரேக்கை மிதித்தாள். சாலை முழுக்க ஆடுகள் படுத்திருந்தன. முன்பெல்லாம் வண்டி வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே சிதறி ஓடிவிடும். இப்போது ஒன்றுகூட அசையவில்லை. முன்சக்கரத்துக்கு எதிரே கிடந்த கிடா அசைபோட்டபடி இருவரையும் மாறிமாறிப் பார்த்தது.

ஹெஸ்டர் ஹாரனில் கைவைக்கப் போனாள். ரோலண்ட் அவள் கையைத் தட்டிவிட்டு இறங்கினான். கிடாவின் காதருகே குனிந்து என்னவோ சொன்னான். அது எழுந்து உடம்பை உதறிக்கொண்டு புல்லில் இறங்கியது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. அவன் தொப்பியால் மெல்லத் தட்டித்தட்டி எழுப்பிக்கொண்டே முன்னால் நடக்க, ஹெஸ்டர் அவன் பின்னாலேயே வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போனாள். தூறலில் நனைந்து கறுத்திருந்த சாலையில், ஆடுகள் எழுந்துபோன இடமெல்லாம் வெளுப்பாக, உலர்ந்து கிடந்தது.