திரைக்குக் கீழே கிடந்த பெஞ்சு

அற்புதராஜ் கங்கப்பனுக்குத் தரவேண்டிய பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து ரூபாய். கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய சிலேட்டில் அது எழுதியிருந்தது. பேர் கன்னட எழுத்தில் இருக்கும். அந்த எழுத்து அவனுக்குத் தெரியாது. ஆனாலும் அங்கிருந்த எட்டுப் பேரில் தன் பேர் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் காட்டுவான்.

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியைத் தாண்டி, செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், கர்நாடக மண்ணில் நூறடி உள்ளே இருந்தது கங்கப்பனின் ஸ்டேடியம் பார் அண்ட் ரெஸ்டாரண்ட். சிப்காட்டில் ஷிப்ட் முடித்தவர்கள் நடந்தே வந்துவிடுவார்கள். உள்ளே ஒரு சுவர் முழுக்கத் திரை. அதைப் பார்த்தபடி நாற்பது நாற்காலி. நாற்காலிகளுக்குப் பின்னால் கல்லா. கிரிக்கெட் மேட்ச் என்றால் வலது பக்கம் சென்னை டீம்காரர்கள், இடது பக்கம் பெங்களூரு டீம்காரர்கள். நடுவில் ஒரு வழி, அதைச் சமியுல்லா ‘பார்டர்’ என்பான். அந்தக் கடைக்குக் கோழி போடுகிறவன் அவன். பாட்டில் பக்கம் திரும்பமாட்டான். எலுமிச்சை சோடாவும், தன் கோழியில் தானே பார்த்துச் செய்யச் சொன்ன கபாபுமாக உட்கார்ந்து, பெங்களூருக்காகத் தொண்டை கிழியக் கத்துவான்.

திரைக்குக் கீழே சுவரை ஒட்டி ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. பாக்கி இரண்டாயிரத்தைத் தாண்டினால் அங்கேதான் உட்கார வேண்டும். அதற்கு மேல் கடன் கிடையாது, காசு வைத்தால் சோறு. மேட்ச் தலைக்கு மேலே ஓடும், பார்க்க முடியாது.

“பாக்கி வெச்சவன தொரத்துனா காசும் போச்சு, ஆளும் போச்சு” என்பார் கங்கப்பன். “எதுர்ல குந்த வெச்சா ரெண்டும் கண்ணு முன்னாடி இருக்கும்.”

அற்புதராஜ் லோடு ஏற்றுகிற ஆள். காண்ட்ராக்டர் மாசிச் சம்பளத்தையும் பங்குனிச் சம்பளத்தையும் நிறுத்தி வைத்திருந்தான். ‘நாளைக்கு’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு அவன் காது காய்த்துப் போயிருந்தது. கையில் இருந்ததை எல்லாம் சொந்த ஊரான கல்லாவியில் இருக்கும் மனைவி லூர்தம்மாளுக்கு அனுப்பிவிட்டான். இங்கே களியும் கோழிச்சாறும் கடனில் ஓடின. ஐந்து வாரமாக அவனுக்கு அந்தப் பெஞ்சுதான்.

உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்கு ஒரு வித்தை வந்திருந்தது. எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்தே மேட்சைச் சொல்லிவிடுவான். வலது பக்கம் நாற்பது பல் தெரிந்தால் சென்னை நாலு அடித்திருக்கிறது. சமியுல்லா சோடா கிளாசைத் தலைமேல் வைத்துக்கொண்டால் பெங்களூரு விக்கெட் போயிற்று. எல்லோரும் ஒரே சமயத்தில் வாயைப் பிளந்தால் பந்து இன்னும் மேலேயே இருக்கிறது. திரையைப் பார்ப்பதைவிட இது ஒன்றும் மோசமில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொள்வான். ஆனால் முதுகு மட்டும் கேட்காது. சுவரில் சாயாமல் விறைத்தே இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கும் பெங்களூருக்கும் மேட்ச். மத்தியானம் மூன்றரைக்கு ஆரம்பம். கூட்டம் பதினொரு மணிக்கே வந்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்து வெஸ்லினும் வந்து சேர்ந்தான். லூர்தம்மாளின் தம்பி. போன மாதம்தான் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். அக்காவிடம் தினம் போனில் பேசுகிற பையன்.

“என்னா மாமா, அங்க போய் குந்திக்கினு? இங்க சேர் இருக்குது வாங்க.”

“இல்லடா. திரைய பாத்தா கண்ணு கூசுது. இங்க பேன் காத்தும் வருது.”

பெஞ்சுக்கு நேரே பேன் கிடையாது. வெஸ்லின் அண்ணாந்து பார்த்தான். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் தன் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்தான். அந்தத் துண்டு அற்புதராஜைப் பார்த்தபடியே கிடந்தது. ராத்திரிக்குள் கல்லாவிக்குப் போன் போகும். ‘மாமா கடன்காரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்’ என்று லூர்தம்மாள் கேள்விப்பட்டால், சம்பளம் வந்துவிட்டது என்று அவளிடம் சொல்லி வைத்த பொய்யும் சேர்ந்து வெளிப்படும்.

இரண்டாவது இன்னிங்ஸில் பெங்களூரு வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. கல்லாவில் நின்றிருந்த கங்கப்பன், கேட்டவர்களுக்குக் கேட்டதை எடுத்துக் கொடுத்தார். சமியுல்லா ஒரு தட்டு கபாப் கேட்டான், இரண்டு தட்டு வந்தது. யாரோ பணத்தை நீட்டினார்கள், அவர் வாங்கவில்லை.

“டீம் ஜெயிக்குதுல்ல, அண்ணன் குஷியா இருக்காரு. கேட்டுக்குங்கடா கேக்கறத” என்றான் சமியுல்லா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அற்புதராஜ் மட்டும் கங்கப்பனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து வேறு எதைப் பார்ப்பது? கங்கப்பன் எதையுமே எழுதவில்லை. பதினெட்டு வருஷமாக ஒரு ஊறுகாய் பாக்கெட்டைக்கூட எழுதாமல் கொடுக்காத கை அது.

அப்போது கங்கப்பன் ஈரத்துணியை எடுத்தார். சிலேட்டில் ஒரு வரியைத் துடைத்தார். அற்புதராஜின் வரி.

“அற்புதா, உன் பாக்கி எல்லாம் முடிஞ்சுபோச்சு. போ, முன்னால போய் குந்து.”

வெஸ்லின் அதைக் கேட்டுத் திரும்பினான். நாற்காலியில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். அற்புதராஜ் எழுந்தான். நாற்காலிக்கு ஆறடிதான் இருக்கும். உட்கார்ந்துவிட்டால் இன்றைக்கு எல்லாம் சரியாகிவிடும். சிலேட்டில் ஒன்றும் இல்லை, அழித்ததும் அவரே. இரண்டு அடி வைத்துவிட்டான்.

கங்கப்பன் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. லூர்தம்மாளுக்கும் சர்க்கரை உண்டு. போன வருஷம் பெரிய வெள்ளிக்கு உபவாசம் இருந்தவள், மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டாள். மத்தியானம் மாமியார் கையைப் பிடித்து, “நீங்க உக்காருங்கம்மா, எல்லா வேலயும் நான் பாத்துக்கறேன்” என்று அன்பாகச் சொன்னாள். கலியாணமாகிப் பதினாறு வருஷத்தில் சொல்லாத வார்த்தை. வீடே அசந்து நின்றது. அடுத்த நிமிஷம் அவள் கீழே கிடந்தாள்.

கங்கப்பனின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அவர் தலைக்கு மேலேதான் பேன் ஓடிக்கொண்டிருந்தது. துணியைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

அற்புதராஜ் நாற்காலியைத் தாண்டி, ‘பார்டர்’ வழியாகக் கல்லாவுக்கு நடந்தான்.

“அண்ணா, மத்தியானம் சாப்டீங்களா?”

“எல்லாம் ஆச்சு. சாம்பார்ல உப்பு ஜாஸ்தி.” அந்தக் கடையில் சாம்பாரே கிடையாது.

“ஊசி போட்டீங்களா?”

“காலையில பன்னெண்டு மணிக்கு” என்றார் கங்கப்பன்.

அற்புதராஜ் பிரிட்ஜைத் திறந்து ஒரு ஆரஞ்சு கூல்டிரிங்க் எடுத்தான். பெஞ்சு ஆளுக்குக் காசு வைக்காமல் எதுவும் கிடையாது என்ற பழக்கத்தில், சட்டைப்பையிலிருந்து நாற்பது ரூபாயைக் கல்லாமேல் வைத்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தான். ஸ்டூலில் அவரை உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தான். கங்கப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டான்.

“ஏய் சமி, அங்க என்னாத்த பாக்கற? அண்ணனுக்கு சக்கர எறங்கிப்போச்சு. இங்க வந்து புடி.”

சமியுல்லா எகிறிக் குதித்து வந்தான். கபாப் தட்டை இன்னும் கையில் வைத்திருந்தான். “அல்லாவே, நான் குஷின்னு இல்ல நெனச்சேன்” என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டான்.

முக்கால் பாட்டில் உள்ளே போயிருக்கும். கங்கப்பன் கண்ணைக் கசக்கினார். பாட்டிலைப் பார்த்தார். கல்லாமேல் இருந்த நோட்டுகளைப் பார்த்தார்.

“இது யார் கணக்கு?”

அற்புதராஜுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆள் திரும்பி வந்துவிட்டார்.

திரையில் விளம்பரம் ஓடியது. நாற்பது நாற்காலியும் கல்லாப் பக்கம் திரும்பியிருந்தன. கங்கப்பன் மெல்லக் கழுத்தைத் திருப்பிச் சிலேட்டைப் பார்த்தார்.

“யாருடா அழிச்சது?”

“நீங்கதாண்ணா.”

“நானா? எவ்ளோ இருந்துச்சு?”

வெஸ்லின் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். ஐந்நூறு என்று சொல்லலாம். ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லலாம். யாருக்குத் தெரியும்?

“ரெண்டாயிரத்து முன்னூத்தி எம்பத்தஞ்சு” என்றான் அற்புதராஜ். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

கங்கப்பன் சாக்குக்கட்டியை எடுத்து அப்படியே எழுதினார். கை இன்னும் நடுங்கியதால் ஐந்து கோணலாக விழுந்தது. அதற்குக் கீழே இன்னொரு பேர் எழுதி, பக்கத்தில் நாற்பது என்று போட்டார்.

“அது யார் பேருண்ணா?”

“எம்பேரு. உனக்கு நாப்பது ரூபா பாக்கி.”

சிரிப்புச் சத்தத்தில் மேட்ச் மறுபடி தொடங்கியதையே யாரும் கவனிக்கவில்லை. அற்புதராஜ் பெஞ்சுக்குத் திரும்பினான். வெஸ்லின் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நீ போய் மேட்ச் பாருடா.”

“எனக்கும் கண்ணு கூசுது மாமா.” பிறகு சிலேட்டைக் காட்டிக் கேட்டான்: “நான் குடுக்கட்டா?”

“வேணாம். அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

அன்று ராத்திரி போனில் சொன்னான். லூர்தம்மாள் பொய்க்காகப் பத்து நிமிஷம் திட்டினாள். மூச்சு வாங்க நிறுத்தி, “அந்த அண்ணன் இப்ப எப்பிடி இருக்காரு?” என்று கேட்டாள்.

சம்பளம் பன்னிரண்டாம் நாள் வந்தது. அற்புதராஜ் நேராகக் கல்லாவுக்குப் போனான். மத்தியானம் இரண்டு மணி. கங்கப்பன் நின்றுகொண்டே பில் போட்டுக்கொண்டிருந்தார். பணத்தைப் பார்த்ததும் கையை நீட்டினார். அற்புதராஜ் கொடுக்கவில்லை.

“சாப்டீங்களா?”

“கூட்டம் போகட்டும்ப்பா.”

“அப்ப காசும் அப்பறந்தான்.”

“பாக்கிக்காரனுக்கு வாயப் பாரு” என்றார் கங்கப்பன். சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். களி வந்தது. அற்புதராஜ் ரூபாய் நோட்டுகளைக் கையில் பிடித்தபடி எதிரே நின்றான். கங்கப்பன் அவனை முறைத்து முறைத்துக் கடைசி உருண்டை வரை விழுங்கினார்.

கை கழுவி வந்து பணத்தை இரண்டு தரம் எண்ணினார். நாற்பது ரூபாயைத் திருப்பி அவன் கையில் வைத்தார். பிறகு ஈரத்துணியை எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த இரண்டு பேரையும் ஒரே இழுப்பில் துடைத்தார்.